தொட்டுப் பார்த்தால் போதுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் தாய் கை வைத்துப் பார்க்கிறாள். "உடம்பு அனலாய்க் கொதிக்குதே" என்று பதறுகிறாள். அந்தக் கையைக் காட்டிலும் அன்பான கருவி உலகில் வேறில்லை. ஆயினும் அதே பிள்ளையை மருத்துவரிடம் தூக்கிச் சென்றால், அவர் தம் கையை நம்புவதில்லை, வெப்பமானியை எடுக்கிறார். நம் வேலூர் மருத்துவத்திற்குப் பெயர் பெற்ற ஊர். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம் இன்று நாடறிந்த மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கும் ஊர். நோயின் சூட்டை அளந்து பார்க்காமல் மருந்து கொடுப்பார் இங்கு இலர்.

ஆனால் இதே வேலூரிலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நீளும் தோல் தொழில் ஊர்களிலும், இன்றும் பெரும்பாலும் கையால் மட்டுமே காய்ச்சல் பார்க்கப்படும் நோயாளி ஒன்று உண்டு. அதுதான் மின்மோட்டார். தோல் பதனிடும் மர உருளைகளைச் சுழற்றுவது மோட்டார். தோலைச் சீவும் எந்திரத்தையும், தேய்த்து மெருகேற்றும் எந்திரத்தையும் ஓட்டுவது மோட்டார். காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் எந்திரத்தின் மேசைக்கு அடியில், தைப்பவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, காலை முதல் மாலை வரை முனகிக்கொண்டே இருப்பதும் ஒரு சிறு மோட்டார்தான். அதற்குச் சூடு ஏறிவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறோம்? உறைமீது உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறோம். "பரவாயில்லை, தாங்குது" என்கிறோம். அல்லது "ஐயோ, சுடுது" என்கிறோம். அவ்வளவே நம் அறிவியல்.

தொட்டுப் பார்த்தால் போதாது. அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு வேண்டிய கல்வி நம் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. அதை நாம் மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறோம். இதுவே நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது.

அம்மா கேட்ட கேள்வி

இந்த எண்ணம் எனக்கு நூலகத்தில் தோன்றவில்லை, வீட்டில் தோன்றியது. என் தாயார் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு சிறு தையற்கூடத்தில் காலணி மேற்பகுதி தைக்கிறார். பீஸ் கணக்கில் கூலி. சென்ற ஆண்டு கோடையில் ஒருநாள் அவர் எந்திரத்தின் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. அன்று காலையில்தான் கூடத்து மேற்பார்வையாளர் அதைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா, ஓட்டுங்க" என்று சொல்லியிருந்தார். காயில் கட்டி மோட்டார் திரும்பி வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் தைக்க எந்திரம் இல்லை. தைக்காத நாளுக்குக் கூலியும் இல்லை. கருகியது கம்பிதான், காய்ந்தது எங்கள் வீட்டு அடுப்பு.

அன்றிரவு அம்மா என்னிடம் கேட்டார்: "ஏண்டா, காலேஜ்ல கரண்டு பத்தியெல்லாம் படிக்கிறியே, காயிலு எரியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க ஒரு வழி இல்லியா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே என் படிப்பைப்பற்றி வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை, பெருமைதான் பட்டுக்கொள்வார்கள். முதன்முறையாக ஒரு கேள்வி வந்தது. எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து, நம் ஆய்வுக்கூடத்தில் காரி ஃபாஸ்டர் சமனச் சுற்றின்முன் நின்றுகொண்டிருந்தபோது அந்த விடை என் கையிலேயே இருப்பதைக் கண்டேன்.

சுருளே ஒரு வெப்பமானி

நண்பர்கள் அச்சோதனையை அறிவீர்கள். ஒரு கம்பிச் சுருளை முதலில் அறை வெப்பநிலையில் வைத்து அதன் மின்தடையைக் காண்கிறோம். பிறகு அதைச் சுடுநீரில் அமிழ்த்தி மறுபடியும் காண்கிறோம். இரண்டையும் கொண்டு மின்தடையின் வெப்பநிலை எண்ணைக் கணக்கிட்டு, பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். செம்புக்கு அந்த எண் 20 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 0.00393. அதாவது, ஒவ்வொரு டிகிரிச் சூட்டுக்கும் செம்பின் மின்தடை நூற்றுக்குச் சற்றேறக்குறைய 0.4 பங்கு கூடுகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெப்பநிலை தெரிந்தால் மின்தடை எவ்வளவு கூடும் என்று சொல்லலாம் என்றால், மின்தடை எவ்வளவு கூடியது என்று தெரிந்தால் வெப்பநிலையைச் சொல்லலாம் அன்றோ? மோட்டாருக்குள் இருப்பது என்ன? செம்புக் கம்பிச் சுருள்தான். ஆக, சுருளுக்குள் வெப்பமானியை நுழைக்க வழியில்லையே என்று நாம் கவலைப்பட வேண்டுவதில்லை. சுருளே ஒரு வெப்பமானி!

இது என் கண்டுபிடிப்பு அன்று. உலோகத்தின் மின்தடையைக் கொண்டு வெப்பநிலையை அளக்கலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1871-இல் எடுத்துரைத்தார். பிளாட்டினம் கம்பியால் அதை மிக நுட்பமாகச் செய்யமுடியும் என்று 1887-இல் காலண்டர் நிறுவினார். மோட்டார் செய்வோரும் சோதிப்போரும் உலகெங்கும் இம்முறையைக் கையாள்கிறார்கள். சுழலும் மின்எந்திரங்களுக்கான பன்னாட்டுத் தரம் இதற்கு விதியே வகுத்திருக்கிறது. நம் நாட்டுத் தரமும் அதை ஏற்றுக்கொண்டுள்ளது.

கணக்கு மிக எளிது. மோட்டார் குளிர்ந்திருக்கும்போது இரு முனைகளுக்கிடையே மின்தடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதைய வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடிச் சூடேறியபின் அதே முனைகளில் மறுபடியும் மின்தடையைப் பார்க்க வேண்டும். சூடான மின்தடையைக் குளிர்ந்த மின்தடையால் வகுக்க. வந்த ஈவை, குளிர்ந்த வெப்பநிலையோடு 234.5-ஐக் கூட்டிய தொகையால் பெருக்குக. பெருக்கி வந்ததில் 234.5-ஐக் கழிக்க. எஞ்சுவதே சுருளின் வெப்பநிலை. 234.5 என்பது செம்புக்குரிய எண். செம்பின் மின்தடைக்கும் வெப்பநிலைக்கும் வரைந்த நேர்கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால், அது சுழிக்குக் கீழே 234.5 டிகிரியில் அச்சைத் தொடும். விலை மலிந்த சில மோட்டார்களில் அலுமினியக் கம்பி இருக்கும். அவற்றுக்கு 225 என்று கொள்ள வேண்டும்.

கை சொன்னதும் கம்பி சொன்னதும்

ஏட்டில் படித்ததை நாட்டில் பார்க்கவேண்டும் என்று எங்கள் தெருமுனையிலுள்ள ரீவைண்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய் முப்பது ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டுபவர். என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, முப்பது வருசமா இந்தக் கையை வச்சுத்தான் பாத்துக்கினு இருக்கேன். உன் மீட்டரு என்னா புதுசா சொல்லப் போவுது?" என்றார். ஆயினும் தம்முடைய டிஜிட்டல் மல்டிமீட்டரை என்னிடம் கொடுத்தார். நான் செய்தது இரண்டே சோதனைகள்தாம்.

முதல் மோட்டார், அம்மா வேலை செய்யும் கூடத்தில் இருந்தது. மிகவும் சுடுகிறது, அடுத்த வாரம் கழற்றிக் காயில் கட்டிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த மோட்டார் அது. காலையில் எந்திரம் ஓடும் முன்பு பார்த்தேன். கூடத்தின் வெப்பநிலை 30 டிகிரி, மின்தடை 42.0 ஓம். முற்பகல் தேநீர் வேளையில் மின்சாரத்தைத் துண்டித்து, சுழற்சி நின்றதும் உடனே பார்த்தேன். மின்தடை 50.0 ஓம். உறையில் பொருத்தி வைத்திருந்த வெப்பமானி 64 டிகிரி காட்டிற்று. 64 டிகிரி உலோகத்தில் யாராலும் கையை வைத்துக்கொண்டிருக்க முடியாது, சட்டென்று எடுத்துவிடுவோம். ஆகவே "கெட்டுப்போச்சு" என்றது கை. கம்பி சொன்னதோ 80 டிகிரி. பழைய காகிதக் காப்புக்கே 105 டிகிரி வரை இடமுண்டு. அந்த மோட்டாருக்கு நோயே இல்லை! கழற்றுவது நிறுத்தப்பட்டது. அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது மோட்டார் பாய் கடைக்குப் பழுதுபார்க்க வந்தது. "அப்பப்போ வாடை வருது, ஆனா சூடே இல்லை" என்பது கொண்டுவந்தவர் சொன்ன குறை. குளிர்ந்தபோது 32 டிகிரியில் 38.5 ஓம். பாய் அதன் கப்பியில் பழைய பெல்ட்டை இறுக்கி, பெயர்த்தகட்டில் குறித்ததைவிடக் கூடுதலான மின்னோட்டம் ஓடும்படி சுமை கொடுத்தார். ஏழே நிமிடம். நிறுத்தியதும் பாய் கை வைத்தார். "வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார். உறை 47 டிகிரி. மீட்டர் 48.5 ஓம் காட்டிற்று. அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்கிட்டோம்: 101 டிகிரி! வெளியே வெந்நீர்ச் சூடுகூட இல்லை. உள்ளே நீர் கொதிக்கும் சூடு. பாய் சற்றுநேரம் பேசாமல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னொரு வாட்டி போட்டுப் பாரு தம்பி" என்றார். மோட்டாரை நன்கு ஆறவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ அதே விடைதான் வந்தது.

கை ஒருமுறை நல்ல மோட்டாரைக் கெட்டது என்றது. மறுமுறை சாகப்போகும் மோட்டாரை நல்லது என்றது. கையின்மீது குற்றமில்லை. கை உறையைத் தொடுகிறது. நோய் சுருளில் இருக்கிறது. சிறிய மோட்டாரில் செம்பு கொஞ்சம். ஆகவே மின்னோட்டம் மிகுந்தால் அது நிமிடக் கணக்கில் சூடேறிவிடும். அந்தச் சூடு காப்புக் காகிதத்தையும் இரும்புத் தகடுகளையும் கடந்து உறைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். உறை சுடுவதற்குள் உள்ளே கருகி முடிந்துவிடலாம். சுழலமுடியாமல் சிக்கி நிற்கும் மோட்டார், வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்குவரை இழுக்கும். வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஐந்து மடங்கு மின்னோட்டம் என்றால் இருபத்தைந்து மடங்கு வெப்பம். கை வைத்துப் பார்க்க அங்கே அவகாசம் ஏது?

பத்து டிகிரியின் விலை

"சூடு கொஞ்சம் கூடினால் என்ன, ஓடினால் சரிதானே?" என்று சிலர் கேட்கலாம். சுருளில் உள்ள செம்பு 1085 டிகிரி வரை உருகாது. ஆனால் செம்பின்மீது பூசிய எனாமலும், சுருளைச் சுற்றிய காகிதமும், ஊற்றிய வார்னிஷும் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல. காப்புப் பொருள்களை அவை தாங்கும் சூட்டைக்கொண்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏ வகுப்பு 105 டிகிரி, ஈ 120, பி 130, எஃப் 155, எச் 180. 1930-இல் மான்ட்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர், மின்மாற்றிகளின் காப்பை ஆராய்ந்து, ஏறத்தாழ 8 டிகிரி கூடும்தோறும் காப்பின் ஆயுள் பாதியாகிறது என்று கண்டார். மோட்டார்களுக்கு 10 டிகிரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் 10 டிகிரி கூடினால் ஆயுள் அரை. 20 டிகிரி கூடினால் கால். 30 டிகிரி கூடினால் அரைக்கால். பதினாறு ஆண்டு ஓட வேண்டியது இரண்டே ஆண்டில் கருகும்.

நம் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. மோட்டாரைச் சுற்றியுள்ள காற்று 40 டிகிரிக்கு மேற்படாது என்று கொண்டுதான் தரங்கள் எழுதப்பட்டுள்ளன. பி வகுப்புச் சுருள் அதற்குமேல் 80 டிகிரி ஏறலாம். மிகச் சிறிய மோட்டார்களில் சற்றுக் கூடுதலாகவும் ஏறலாம். ஆனால் வேலூரின் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டுவது நமக்குப் புதிதன்று. தகரக் கூரையின்கீழ் அதனினும் மிகும். போதாததற்குத் தோல் தேய்க்கும்போது பறக்கும் தூசியும், தையற்கூடத்து நூல் துணுக்குகளும் மோட்டாரின் மூச்சுத் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. மூன்று முனை மின்சாரத்தில் ஒரு ஃபியூஸ் போய்விட்டால், மற்ற இரு கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகும், வெப்பம் மூன்று மடங்காகும். மின்னழுத்தம் பத்துக்கு ஏழாகத் தாழ்ந்தால் மோட்டாரின் திருப்புவிசை பாதியாகிவிடும். அந்தச் சுமையை இழுக்க அது கூடுதல் மின்னோட்டத்தை விழுங்கும்.

இன்னொன்றும் பாய் கடையில் கற்றேன். காயில் கட்டும்போது இரும்புப் பள்ளங்களுக்குள் வைக்கும் காப்புக் காகிதம் ஒன்றுக்கு லெதராய்டு என்று பெயர். பெயரில் தோல் இருக்கிறதே என்று வியந்தேன். பொருளில் தோல் இல்லை, அழுத்திச் செய்த நார்க்காகிதம்தான். கம்பியின் எனாமல் எஃப் வகுப்பாக இருந்தாலும், காகிதம் ஏ வகுப்பானால் மோட்டாரும் ஏ வகுப்புதான். ஏரிக்கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதானே உடைப்பெடுக்கும்? ஆகவே காயில் கட்டித் திரும்பிய மோட்டாரைப் பழைய பெயர்த்தகட்டை நம்பி ஓட்டுவது தவறு. அளந்து பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

மோட்டாருக்குத்தான் ரிலே இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரிலே பார்ப்பது மின்னோட்டத்தை; வெப்பநிலையை அன்று. தூசி அடைத்து மோட்டார் மூச்சுத் திணறும்போது மின்னோட்டம் மாறாமலே சூடு ஏறும். ரிலே சுவரில் சொகுசாக இருக்கும். மோட்டார் மேசைக்கடியில் வேகும்.

துப்பாக்கிபோல் நீட்டினால் வெப்பநிலை காட்டும் அகச்சிவப்புக் கருவி வந்துவிட்டதே என்பார்கள். கொரோனா நாட்களில் நம் நெற்றியிலெல்லாம் அது நீட்டப்பட்டது. அதுவும் உறையைத்தான் பார்க்கிறது. பளபளக்கும் அலுமினிய உறையானால், அது வெளிவிடும் கதிர்வீச்சுக் குறைவு என்பதால் உள்ளதைக் காட்டிலும் குறைத்துக் காட்டும். கையைவிட நுட்பமான கருவிதான். ஆனால் கை தவறிய அதே இடத்தில் அதுவும் தவறும்.

புதிய மோட்டார்களில் உள்ளேயே உணரி வைத்துவிடுகிறார்களே என்பார்கள். உண்மை. 2021-இல் இராணிப்பேட்டையில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. தோலுக்குப் பெயர் பெற்ற ஊர் மோட்டார் வண்டிக்கும் பெயர் பெறுகிறது. இத்தகைய வண்டிகளின் சிறு மோட்டார்கள் பலவற்றில் சுருளோடு சுருளாகத் தெர்மிஸ்டர் பொதியப்படுகிறது. சூடு மிகுந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி தானே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். பெரிய தொழிற்கூடங்களில் வரும் புதுத் தையல் எந்திரங்களிலும் பழைய கிளட்ச் மோட்டார் போய், சர்வோ மோட்டார் வந்துவிட்டது. இவையெல்லாம் சொல்வது என்ன? சுருளின் சூட்டைச் சுருளிலேயே அறிய வேண்டும் என்பதைத்தானே? பணம் படைத்தவரின் மோட்டாருக்குப் பிறக்கும்போதே வெப்பமானி கிடைக்கிறது. சிறு கூடத்துப் பழைய மோட்டாருக்கு அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைப்பது அறிவியல் ஆகாது. மின்தடை தருவது சுருள் முழுவதன் சராசரிச் சூடு. மிகச் சூடான இடம் அதைவிடச் சுமார் 10 டிகிரி கூடுதலாக இருக்கலாம். ஓடும்போது பார்க்க இயலாது. மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, சுழற்சி நின்றபிறகே மீட்டரைத் தொட வேண்டும். ஒருமுனை மோட்டாரானால் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டத்தையும் வெளியேற்றிவிட வேண்டும். இதில் அலட்சியம் உயிரைப் பறிக்கும். நிறுத்தியவுடன் சுருள் ஆறத் தொடங்கிவிடுவதால், 50 கிலோவாட் வரையிலான எந்திரங்களுக்கு 30 விநாடிக்குள் முதல் அளவை எடுக்க வேண்டும் என்கிறது தரம். தவறினால், சில விநாடி இடைவெளியில் பல அளவைகள் எடுத்து வரைபடம் வரைந்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டிக் கண்டுகொள்ளலாம். நியூட்டனின் குளிர்தல் விதியைப் படித்தவர்களுக்கு இது ஒரு பாரமா? மின்தடை ஓரிரு ஓம்களே உள்ள பெரிய மோட்டாருக்குச் சாதாரண மீட்டர் போதாது; நான்கு கம்பி முறை வேண்டும். ஆனால் தையல் மோட்டாரில் 40 ஓம் அளவில் 0.1 ஓம் தவறினால் விடை தவறுவது சுமார் 0.6 டிகிரிதான். கையின் கணிப்போ 30 டிகிரி தவறினாலும் நமக்குத் தெரிவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ரீவைண்டிங் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். காயில் கட்டி முடித்த ஒவ்வொரு மோட்டாரின் உறைமீதும் இரண்டே எண்களைப் பெயிண்டால் எழுதிக் கொடுங்கள்: குளிர்ந்த மின்தடை, அன்றைய வெப்பநிலை. பிறந்த குழந்தையின் எடையை மருத்துவமனையில் குறித்துக் கொடுப்பதில்லையா? அதுபோல. அந்த இரண்டு எண் இருந்தால், மீட்டர் வைத்திருக்கும் எந்த மின்பணியாளரும் எந்த நாளிலும் சுருளின் சூட்டைக் கணக்கிட்டுவிடலாம். பாய் இப்போது எழுதிக் கொடுக்கிறார். பெரிய மோட்டாருக்குக் காயில் கட்டும்போது, சுருள் திறந்திருக்கும் அந்த வேளையிலேயே ஒரு தெர்மிஸ்டரை வைத்துக் கட்டிவிடுவது அதனினும் நன்று.

இரண்டாவது, நம் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடத்திட்டத்தை மாற்ற வேண்டுவதில்லை. சுருளை மாற்றினால் போதும். காரி ஃபாஸ்டர் சமனச் சுற்றில் எங்கிருந்தோ வாங்கிய கம்பிச் சுருளுக்கு மாறாக, ஆம்பூரில் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு தையல் மோட்டாரின் சுருளை ஒருமுறை இணைத்துப் பார்க்க அனுமதியுங்கள். அதே சோதனை, அதே பதிவேடு, அதே மதிப்பெண். ஆனால் அதைச் செய்துவிட்டு வெளியே வரும் மாணவன், தன் ஊருக்கு ஒரு விடையோடு வெளியே வருவான். இந்த வகுப்பறையில் அமர்ந்திருப்பவர்களில் தோல் தொழிலோடு ஒட்டோ உறவோ இல்லாத வீடு எத்தனை இருக்கும்?

மூன்றாவது, மாணவ நண்பர்களாகிய நமக்கு. விடுமுறையில் அருகிலுள்ள கூடத்திற்கோ கடைக்கோ சென்று பாருங்கள். உபதேசிக்கப் போக வேண்டாம், கற்கப் போங்கள். பாயின் கையை நான் பழித்தேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தாங்கி தேய்ந்ததைச் சத்தத்தில் அறிவார் அவர். வார்னிஷ் வெந்ததை வாடையில் அறிவார். அந்த அறிவு நம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் கையோடு நம் கணக்கும் சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அளவையின் அருமையை நம் மாவட்டம் முன்பே கண்டிருக்கிறது. தோல் கழிவுநீரால் பாலாறு கெட்டது என்பதை மூக்கால் அறிந்தவர் ஆயிரமாயிரம் பேர். ஆனால் நீரையும் நிலத்தையும் சோதித்து, எண்களாக எடுத்துச் சென்றபோதுதான் வழக்கு நின்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் வழங்கியது. சுத்திகரிக்காமல் தொழில் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரை இறைப்பதும், காற்றை ஊட்டுவதும் மோட்டார்களே. அங்கே ஒரு சுருள் கருகினால் நட்டம் முதலாளியோடு நிற்பதில்லை. பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வந்து சேரும்.

சென்ற மாதம் அம்மாவின் எந்திரத்திற்கு மறுபடியும் அளவெடுத்தேன். காயில் கட்டி வந்த அந்த மோட்டார்தான். விடை 88 டிகிரி. அதன் உள்ளே அடைந்திருந்த நூல் துணுக்குகளையும் தூசியையும் ஊதி எடுத்தபின், மறுநாள் அதே வேளையில் 79 டிகிரி. ஒன்பது டிகிரிதான். "ஒம்பது டிகிரின்னா எவ்வளவுடா?" என்று அம்மா கேட்டார். "மோட்டாருக்குக் கிட்டத்தட்ட இன்னொரு ஆயுசும்மா" என்றேன். இந்த முறை எனக்கு விடை தெரிந்திருந்தது.